இருநூற்றுப் பத்துக் கிராம்

சுவிஸில் இருந்து மச்சாள் அனுப்பிய பார்சலில்
சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே
நாலு நூற்பந்து. பருத்தி. ஈர வைக்கோல் நிறம்.
ஜெர்மன் புத்தகம் ஒன்றில் இருந்து கிழித்த
ஒற்றைத் தாள்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
கட்டங்கள் விளங்கின.

கட்டம் எனக்குப் புதிதா?
எட்டு வருஷமாய்க் கட்டத்துக்குள்தான்
முழங்காலில் நிற்கிறேன்,
ஒலுமடுவுக்கு அங்காலே, பாலைக் காட்டோரம்,
கயிறு பிடித்து அளந்து தந்த நிலத்தில்.
தாளில் வட்டம் கண்டால் ஒரு துளை.
சாய்கோடு என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக்கு.
வெறுங்கட்டம் என்றால் நேரே போ.
வெறுங்கட்டத்தில் நேரே போவதாம்!
நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கட்டிலில் நிறைமதி எழும்பிவிட்டாள்.

ஊசிக்குத் தயாபரனின் சைக்கிள் கடையில்
பழைய சில்லுக் கம்பி இரண்டு கேட்டேன்.
"ரெண்டு கம்பியில சில்லு சுத்தாது அக்கா."
சீமெந்துத் தரையில் முனையைத் தேய்த்தேன்,
நகத்தில் இழுத்தால் கீறாத மட்டும்.

முதுகுக்கு நூற்றுப் பத்துக் கண்ணி.
முகாமில் அந்தச் சொல்லைச் சத்தமாய் எண்ணக் கூடாது.
"அறுபத்து மூன்றாம் கண்ணி" என்றேன் ஓரிரவு.
வெளியே பல் விளக்கிக்கொண்டு நின்ற சூப்பர்வைசர்
வாயில் நுரையோடு
கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

பகலில் போடுவதும் கையில்லாத சட்டைதான்.
கழுத்தில் இருந்து தொடை மட்டும்,
ஐந்து கிலோ சொச்சம்.
பட்டியைப் பிரிக்கும்போது
பழஞ்சீலை கிழிகிற சத்தம்.
பத்து மணிக்கே வியர்வை இறங்கி
முழங்கால் மெத்தையில் சேரும்.
கழற்றிய பிறகும் அரை மணித்தியாலம்
தோள் அதைச் சுமந்துகொண்டே நடக்கும்.

அதில் ஒரு துளை இருக்கக் கூடாது.
இதில் துளைதான் பூ.
நூலை ஒருதரம் முன்னே எடுத்துவிட
ஒரு வெறுமை பிறக்கும்,
அடுத்த இரண்டைச் சேர்க்கக் கணக்கு நேராகும்.
எட்டு வரிசைக்கு ஓர் இலை.
பாலையிலை என்கிறேன் நான்.
கொவ்வையிலை என்று நிறைமதி.
இரண்டு நாள் கதைக்கவில்லை.

வலது முன்பக்கம் முடிகிற நேரம் கண்டேன்:
பதினாலு வரிசைக்குக் கீழே
ஒரு வட்டத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.
இலையின் நடுவில் அடைபட்ட ஓரிடம்.
கை அந்தரத்தில் நின்றது.
நில். அசையாதே. விசில் ஊது.
வாய் குவிந்தும் விட்டது.
பிறகுதான் நினைவு வந்தது, இது நூல்.
இழுத்தால் வரும்.
பதினாலு வரிசையும் சுருண்டு சுருண்டு
மடியில் வந்து கிடக்கும்.
திரும்பப் பின்னலாம்.
ஒருவரும் ஒருவருடைய காலைத் தேடத் தேவையில்லை.

தவறிய வட்டத்தை அப்படியே விட்டேன்.
பிழையில்லாத மேல் வரிசை இரண்டை
உருவினேன், சும்மா,
உருவலாம் என்பதற்காக.

தெறி ஐந்து வேண்டும்.
மாங்குளத்தில் ஒரே மாதிரி நாலுதான் கிடைத்தது.
ஐந்தாவது, மகனின் பழைய பள்ளிக்கூடச் சேட்டில் இருந்து
நிறைமதி கடித்து எடுத்துத் தந்தாள்.
வெள்ளை.
அதைக் கழுத்தடியில் தைத்தேன்.

ஞாயிறு, இராசேந்திரம் கடைத் தராசில்
பருப்பை இறக்கிவிட்டு அதை வைத்தோம்.
நூல் இருநூறு, தெறி பத்து.
"காத்தையும் சேர்த்து நிறுக்கிறியள் போல" என்றார்.

விடிய ஐந்து மணி பஸ்.
அடைக்க வராத யன்னல்.
மார்கழிக் காற்று இலை இலையாய் உள்ளே வந்தது.
ஒன்றும் போடாதது போல இருக்க,
புளியங்குளம் வருவதற்குள் இரண்டு தரம்
தெறியைத் தடவிப் பார்த்தேன்.