கம்புக்கு மட்டும் டிக்கெட்

மாவட்டப் போட்டி விண்ணப்பத்தில்
ஏழாவது கட்டம்:
விருப்பமான ஆயுதம்.
பெயர் எழுதிவிட்டேன், வீ. ஒச்சம்மாள்.
வயது முப்பத்தொன்று.
ரத்த வகைகூடத் தெரியும்.
ஏழில் பேனா நிற்கிறது,
விளக்குத்தூண் நெரிசலில் ஆட்டோ நிற்பதுபோல
உறுமிக்கொண்டு.

சுருள்வாள் என்று எழுதினால் மிடுக்குதான்.
இடுப்பில் பெல்ட்டாகச் சுற்றிக்கொள்ளலாம் என்பார்கள்.
சுற்றிப் பார்த்தவளைக் கேளுங்கள்.
குனிந்தால் குத்தும்.
ஷேர் ஆட்டோவில் அரை ஆளாக
ஒட்டிக்கொண்டு போக முடியாது.
மழைக்காலத்தில் தினம் எண்ணெய் கேட்கும்.
என் தலைக்கே சனிக்கிழமைதான் வாய்க்கிறது.

மான்கொம்பு ஒரு ஜோடி உண்டு,
வனத்துறைக்குப் பயந்து இரும்பில் வளைத்தது.
ஒன்றில் சாவிக்கொத்து,
மற்றதில் மகனின் பள்ளிக்கூட டை.
போட்டியன்று காலை இரண்டையும் இறக்கினால்
வீட்டில் ஒரு பொருளும் கண்ணில் படாது.

வளரி
எறிந்தால் கைக்கே திரும்பும் என்று
பக்கத்து வீட்டு முத்திருளன் சத்தியம் செய்கிறார்.
நாகமலைப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் எறிந்தேன்.
சீட்டுக்குக் கட்டிய பணம் வரட்டும்,
அதுவும் வரும்.

அருவாளை எழுத மாட்டேன்.
இளநீர்க்காரர் கையில் அது நல்ல பிள்ளை.
மற்றபடி ஓங்கியவர்கள் எல்லாம்
சுவரொட்டியில் இருக்கிறார்கள்,
பாதிப்பேர்
கண்ணீர் அஞ்சலியில்.

நான் வேலை பார்க்கும் கடையில்
கூரை முழுக்க நைட்டிகள்.
கொக்கி வைத்த ஆறடிக் குழாய் ஒன்று
காலை பத்திலிருந்து என் கையில்.
"அந்த மயில்கழுத்துக் கலர்."
"அதில்லக்கா, அதுக்குப் பக்கத்துல."
"பிரிச்சுக் காட்டுங்க."
"வேணாம், மாட்டிருங்க."
மணிக்கட்டு எங்கே இப்படிப் பழுத்தது என்று
மைதானத்தில் கேட்டார் மாஸ்டர்.
டபுள் எக்ஸெல் வரிசையில், என்றேன்.

செல்லூர் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது,
பெண்களுக்கு இலவசம்.
கம்புக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
"அப்ப அது ஆம்பளதான்" என்று
பின்சீட்டில் ஒரு சிரிப்பு.
கம்பு ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கும்வரை அதை நட்டமாகப் பிடித்திருந்தேன்,
என் நெற்றிப்பொட்டு வரைக்கும் வரும்,
அதற்கு மேல் ஒரு விரற்கடையும் இல்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கண்மாய் எங்கள் தெருவுக்குள் வந்தது.
இடுப்பளவு. கரண்ட் இல்லை.
எந்தச் சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது என்பது
தண்ணீருக்கு மட்டும் தெரியும்.
பரணிலிருந்து கம்பை உருவினேன்.
முன்னால் ஒரு குத்து,
பிறகு முன்கால்,
பிறகு பின்காலை இழுத்து வைப்பது.
ஆறு மாதம் கம்பையே தொடவிடாமல்
மாஸ்டர் போடவைத்த அதே காலடி,
அன்றைக்கு எதற்கென்று புரியாமல்
மனசுக்குள் திட்டிக்கொண்டே போட்டது.

பின்னால் வரிசையாக வந்தார்கள்,
முன்னவர் தோளில் பின்னவர் கை.
என் மகன்,
மீசை நனைந்த முத்திருளன்,
தலையில் தையல் மிஷினோடு ஜுலேகா,
அவள் மாமியார்,
கூடைக்குள் கத்திக்கொண்டு ஒரு பூனை.
நாலாவது வீடு தாண்டியதும்
கம்பு விசுக்கென்று உள்ளே போனது,
முக்கால்வாசி.
என் தோள் அதோடு போகப் பார்த்தது.
"இடது" என்றேன்.
இடது, இடது, இடது என்று
இருட்டுக்குள் பின்னோக்கிப் போனது சொல்.

ஒரு சுழற்று இல்லை, ஒரு வீச்சு இல்லை.
மேட்டுக்கு ஏறியபோது
கைதட்ட யாருக்கும் கை காலியாக இல்லை.

இப்போது அது மொட்டைமாடியில்
இரண்டு செங்கல் தூணுக்கு நடுவே
ஈரச் சீருடையைச் சுமக்கிறது.
எடுத்து வர வேண்டும், நாளைக்குப் பயிற்சி.

ஏழில் 'கம்பு' என்று எழுதிவிட்டேன்.
எட்டாவது கட்டம்:
இதுவரை பெற்ற வெற்றிகள், எண்ணிக்கையில்.
பதினொன்று என்று போட்டுவிட்டு,
பூனையைச் சேர்க்கலாமா
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.