தவறு எண் பதினான்கு

பிஸ்கட் பெட்டி மூடியில் வாவியை வரைந்தோம்.
முதல் மாதிரிக்கு இது காணும் என்றான் பவிலோஜன்.
கிழக்கே ஒரு செப்புத் தகடு: எழுவான்கரை.
மேற்கே ஒன்று: படுவான்கரை.
நடுவே பதினெட்டுச் சிறு விளக்குகள்,
குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப்
பாதை போகிற வழியில்.

வெளியூரார் குழம்புவார்கள், எழுதி ஒட்டவேண்டும்:
இங்கே பாதை என்பது மிதக்கிற சாமான்.
மோட்டார்சைக்கிள் ஏறும், ஆட்டுக்குட்டி ஏறும்.
மனிதர் நிற்பார், பாதை நடக்கும்.

யோசனை சுலபம்.
ஒருவர் இந்தத் தகட்டில் கை வைக்க
இன்னொருவர் அந்தத் தகட்டில்.
மற்றக் கைகளைக் கோத்துக்கொண்டால்
ஐந்து வோல்ட் அவர்களுக்கூடாகப் போகும்,
கூச்சம் மாதிரி,
வெளியே தெரியாமல்.
விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கரை கடக்கும்.

முதல் நாள் நான் மட்டும் இருந்தேன்.
இரண்டு கையையும் விரித்து
இரண்டு கரையையும் தொட்டேன். எரிந்தது.
கொப்பியில் எழுதினேன், தவறு எண் ஒன்று:
தனியாள் கடக்க முடிகிறது.
மேசையை அகலமாக்கு.

கோட்டைக்குள் பழைய கந்தோர் அறை.
மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றும்.
ஈயப் புகையில் பவிலோஜன் இருமுவான்,
ஜன்னலைத் திறந்தால் வாவிக்காற்று
செப்பைப் பச்சையாக்கும்.
திறப்பதும் மூடுவதும் பாதி வேலை.

வாறவர் போறவரைப் பிடித்துச் சோதித்தோம்.
உடம்பு எவ்வளவு விடுகிறது என்று
மடிக்கணினியில் ஓர் எண் வரும்.
லிகிதரின் கை முப்பத்தெட்டு.
அஸருக்கு வுளு எடுத்த ஈரத்தோடு
காவலாளி அலிசப்றி, நானூற்றுப் பத்து.
இறால் உரித்துவிட்டு வந்த சந்திரவதனி தொட்டதும்
எண் எழுநூறைத் தாண்டியது.
"என்ன கா, என்னைக் கண்டா
இதுக்கு இவ்வளவு சந்தோசமா?"
கையை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

நிறத்தில்தான் பிழைத்தது.
கையிருப்பில் சிவப்பு மட்டும் இருந்தது.
எரியவிட்டதும் கலாசார உத்தியோகத்தர் யோகமலர்
ஓரடி பின்னால் வைத்தார்.
"துறையில சிவப்பு டோர்ச் அடிச்சா
நிக்கவேணும்," என்றார்.
அதற்குமேல் கதைக்கவில்லை.
பவிலோஜன் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் கழற்றத் தொடங்கினேன்.
பதினெட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்.
மறுகா மஞ்சள் வாங்கக் கல்முனைக்கு பஸ் ஏறினேன்.

மேசை ஆறரை அடியானது.
வயர் கழன்றது, அது ஒன்பது.
எறும்பு புகுந்தது, பதினொன்று.
காதலர் இருவர் பிடித்த கையை
முக்கால் மணிநேரம் விடவில்லை;
தவறென்று எழுதலாமா என்று தயங்கி
எழுதினேன்.
பற்றரி இறங்கிவிட்டதே.

திறப்பு விழாவுக்கு முதல் நாள்
விடிய ஐந்தரைக்குக் கதவைத் தள்ளினேன்.
இருட்டுக்குள்
விளக்குகள் போய்க்கொண்டிருந்தன,
ஒன்று, மறுகா ஒன்று,
மண்டூர் வரைக்கும்,
திரும்பவும் முதலிலிருந்து.
மேசையருகே ஒருவருமில்லை.

ஜன்னல் மூட மறந்திருக்கிறோம்,
பற்றரி கழற்றவும்.
குனிந்து அடியில் பார்த்தேன்.
மேலே ஆறரை அடி தள்ளிவைத்த கரைகள்
கீழே, வயர்கள் வந்து சேருமிடத்தில்,
அரை அங்குலத்தில் கிடந்தன.
அந்த அரை அங்குலத்தில்
உப்புக்காற்றும் பனியும் ஈரமாய்ப் படர்ந்து
நுளம்பு குடிக்கக் காணாத அளவு தண்ணீர்.

துணியை எடுத்தேன்.
கொப்பியை எடுத்தேன்.
தவறு எண் பதினான்கு:
யாரும் தொடவில்லை. வெளிச்சம் கடக்கிறது.
காரணம்: உப்பு, பனி, மூடாத ஜன்னல்.
தீர்வு: நகப்பூச்சு, இரண்டு தரம்.

கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.
துணியை மடியில் வைத்து
கதிரையை இழுத்துப்போட்டு
இருந்தேன்.