ஒன்பது வீதம்

மாங்குளச் சந்தி கழிய
தகரக் கூரையின் கீழ் நிற்கிறது சார்ஜர்,
திறந்துவைத்த நாளின் றிபன் துண்டு
இன்னும் கழுத்தில்.

பகீரதியின் காரில் ஒன்பது வீதம்.
முறிகண்டியிலேயே ஏசியை நிற்பாட்டியாயிற்று.
பின் சீற்றில் ஹயருக்கு வந்தவர்
கலியாணக் கார்டால் விசிறிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வயர். ஒன்று
அவள் காரின் வாய்க்குப் பொருந்தாது.
மற்றதைச் செருகினால்
'சேர்வருடன் தொடர்பில்லை' என்கிறது திரை
மூன்று மொழியிலும், மரியாதையாக.

ஒட்டியிருந்த இலக்கத்துக்கு அடித்தாள்.
கொழும்பிலிருந்து ஒரு பெடியன்:
"அக்கா, இஞ்ச மெப்பில பச்சையாத்தான் காட்டுது."

பச்சைதான்.
சுற்றிவரப் பாலையும் வீரையும்
பச்சையாகத்தான் நிற்கின்றன.

வவுனியாவுக்கு இன்னும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல்.

டயர்க்கடை அருட்பிரகாசம்
கொம்பிரசர் பிளக்கைக் கழற்றிவிட்டு
சுவரைக் காட்டினார்.
"மெதுவாத்தான் ஏறும்.
சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட ஊர், தங்கச்சி.
அவசரம் எண்டா கரண்டிட்ட சொல்லு."

நிரம்பப் பதினொரு மணித்தியாலம் என்றது கார்.
பின் சீற்றுக்காரர்
விசிறியை மடக்கி
முகூர்த்தத்தை இன்னொருமுறை வாசித்தார்.

பஞ்சரான லான்ட்மாஸ்டர் ஒன்று
தடதடத்து வந்து
அவளுக்குப் பின்னால்
வரிசையில் நின்றது.