உலர் எடை

புறப்படும் முன் எடை பார்த்தேன்:
ஐம்பத்தெட்டு கிலோ நானூறு.
தொழில் புத்தி.
வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்களை மெஷினில் ஏற்றி
எண்ணைக் குறித்துக்கொள்பவள் நான்,
பெருந்துறை ரோட்டில், இரண்டாம் மாடியில்,
பன்னிரண்டு டயாலிசிஸ் கட்டில்களுக்கு நடுவே.

வைராபாளையத்தில் ஐந்தரைக்குக் கொடி அசைந்தது.
இடது கைப்பக்கம் காலிங்கராயன் வாய்க்கால்.
திரும்பும்போது அதுவே வலது கைப்பக்கம்.
மேட்டைக் கண்டால் ஒதுங்கும், பள்ளம் பார்த்து வளையும்.
பாம்பு ஊர்ந்த தடத்தில் வெட்டியது என்பார்கள்.
இத்தனை நூறு வருஷமாக
ஒரு நாளும் முந்திப் போகவில்லை அது.

நான் முந்தினேன்.
முதல் கிலோமீட்டர் ஐந்து நிமிஷம் நாற்பது வினாடி.
உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தது ஆறரை.
பம்பைச் சத்தமும் கூட்டமும் இருந்தால்
கால் நம் பேச்சைக் கேட்பதில்லை.

முதல் தண்ணீர்ப் பந்தல்: தாகமில்லை, தாண்டினேன்.
இரண்டாவது: கூட்டம், தாண்டினேன்.
மூன்றாவதில் மூன்று கப் ஒரே மூச்சில்.
அப்புறம் வெண்டிபாளையம் வரை
வயிற்றுக்குள் ஒரு குடம் தளும்பிக்கொண்டே வந்தது.
நோயாளி யாராவது இப்படிச் செய்தால்
என்ன திட்டு திட்டியிருப்பேன்.

சாந்தாமணிக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
ரசம், காப்பி, மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள் அடக்கம்.
வீரப்பன்சத்திரத்தில் தறி ஓட்டியவள், முப்பத்தொன்பது வயது.
பாட்டிலில் மார்க்கரால் மூன்று கோடு போட்டிருக்கிறாள்.
ஐஸ்கட்டி வாயில் இருக்கும்போது
யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

வெள்ளிக்கிழமை கேட்டாள்:
"இருவத்தியொரு கிலோமீட்டருங்களா?
அத்தன தூரத்துக்கு எத்தன தண்ணி குடிப்பீங்க?"
"கொஞ்சந்தானுங்க" என்றேன்.
ஊசியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏழாவது மைல்கல்லா, எட்டாவதா, நினைவில்லை.
எனக்கு முன்னால் ஓடியவர் ஒரு வாய் குடித்துவிட்டு
மீதியைத் தலையில் கவிழ்த்தார்.
கப் உருண்டு என் காலடிக்கு வந்தது.
சிந்தியது அவளுடைய காலைக் கோடு வரைக்கும் இருக்கும்.
மிதித்து ஓடினேன். வேறென்ன செய்ய?

பதினாறில், மஞ்சள் காட்டு ஓரம்,
வெயில் முதுகில் கை வைத்தபோது
இடது கெண்டைக்கால் முடிச்சுப் போட்டது.
எனக்குத் தெரிந்த முடிச்சுதான்.
உடம்பிலிருந்து தண்ணியை வேகமாக உருவினால்
மூன்றாவது மணி நேரத்தில்
இதே இடத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள்.
ஓடிப்போய்ப் பாதத்தை மடக்கிப் பிடிப்பேன்,
சலைன் விடுவேன், எடுக்கிற வேகத்தைக் குறைப்பேன்.

இங்கே யாரும் ஓடி வரவில்லை.
மின்கம்பத்தில் சாய்ந்து நானே மடக்கிக்கொண்டேன்.
பொட்டலத்து உப்பை நாக்கில் தொட்டேன்.
இரண்டே மடக்கு. வாயில் வைத்திருந்து விழுங்கினேன்.
ஏழு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று குறைத்தேன்.
ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தாண்டிப் போனான்.
பலூன் கட்டிய ஒருவர் தாண்டிப் போனார்.
போகட்டும்.
வாய்க்கால் மட்டும் என்னைத் தாண்டவில்லை.
எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மணி இருபத்தாறு நிமிஷம்.
வீட்டில் மறுபடி ஏறி நின்றேன்: ஐம்பத்தாறு தொள்ளாயிரம்.
குடித்தது போக ஒன்றரை கிலோ
ரோட்டிலேயே போய்விட்டது, ஊசி இல்லாமல், பில் இல்லாமல்.

திங்கள் காலை சாந்தாமணி
உலர் எடைக்கு மேல் மூன்று கிலோ நூறு.
தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்:
"கலியாணத்துல மோருங்க. ரெண்டு டம்ளர்."
வாய்க்கு வந்த வசவை முழுங்கினேன்.
"இன்னிக்கு அரைமணி சேத்திப் படுத்துக்கலாம்,
மெதுவாவே எடுக்கறேன்."

குழாய் சிவந்து நிறைந்தது. பம்ப் சுற்றத் தொடங்கியது.
"எத்தனையாவதா வந்தீங்க?"
"நானூத்திப் பன்னெண்டு."
"எத்தன பேருல?"
"நானூத்தி அறுவது."
அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கட்டில்காரர் கண் விழித்தார்.
"நொண்டி நொண்டி நடக்கறீங்களே,
உக்காருங்க சித்த" என்றாள்.
அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.