ஓடக்கூலி

ஏழு பேர்தான், எட்டாம் ஆளுக்குச் சீட்டு இல்லை.
பதினெட்டு டாலர். குடை நம்முடையது.
முன்னே நடக்கிறாள் டெல்ஃபீன்,
முக்கோணத் தொப்பியின் மூன்று மூலையிலும்
நவம்பர்த் தூறல் சொட்டுகிறது.

தாடியஸ் க்ரேல்.
பெயரில்தான் தாடி, படத்தில் மழுமழு மோவாய்.
இந்த மாநிலத்தின் முதல் சாசனத்தில்
மூன்றாவது கையெழுத்து.
முப்பது வருஷம் இதே ஊரில் இருந்தும்
அவர் பெயரில் உள்ள தெருவில் பல் பிடுங்கிக்கொண்டதைத் தவிர
எனக்கும் அவருக்கும் பழக்கமில்லை.

பிறந்த வீடு இன்று கார் நிறுத்தும் கட்டடம்.
"உயரக் கணக்குப்படி தொட்டில் கிடந்தது
இரண்டாம் தளம், நாற்பத்தொன்றாம் கட்டம்."
அண்ணாந்து பார்க்கிறோம்.
ஒரு சிவப்பு வேன் அதில் பின்னுக்கு நுழைகிறது,
பீப் பீப் என்று, குழந்தையை எழுப்பாத மாதிரி.

அவருடைய தையற்கடையில் நகப்பூச்சு.
அவர் வாதாடிய மன்றத்தில் மெத்தை வியாபாரம்.
இரண்டு மனைவியரும், ஒருவர் போய் ஒருவர்,
மண்டியிட்ட தேவாலயம் மட்டும் அப்படியே.
பூட்டியிருக்கிறது.

பிறகு படித்துறை. சிலை.
வெண்கலப் பனிக்கட்டிகளுக்கு நடுவே வெண்கலப் படகு,
விளிம்பில் ஒரு கால் வைத்து, கையில் காகிதச் சுருளோடு
அவர். அவர் மட்டும்.

இங்கே டெல்ஃபீனின் குரல் ஏறும்:
அக்கரையில் காலை பத்து மணிக்கு வாக்கெடுப்பு,
இரு பக்கமும் சரிசமம்.
பாலம் இல்லாத ஆறு, பாளம் பாளமாய்ப் பனி.
நள்ளிரவில் கடந்தார்.
ஒரு கை உயர்ந்தது, ஒரு மாநிலம் பிறந்தது.

"அந்தக் கால் அங்கே இருந்தால் படகு கவிழும்"
என்றார் ஹார்லன் பெட்டிபோன்,
இருபத்தாறு வருஷம் இழுவைக் கப்பலில் இருப்பவர்,
பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த சீட்டில் வந்தவர்.
"அதோடு, துடுப்பு யார் கையில்?"

"சிற்பிக்குக் கொடுத்த பணம் ஓர் ஆளுக்குத்தான் போதியது"
என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும்.

கடைசி நிறுத்தம் ஆவணக் காப்பகம்.
கண்ணாடிக்கு அடியில் அவர் கைப்பட எழுதிய வீட்டுக் கணக்கு,
அந்த வாரத்துப் பக்கமே விரித்திருந்தது.
மற்றவர்கள் எழுத்தின் அழகைப் பார்த்தார்கள்.
நான் தணிக்கை அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவள்,
என் கண் வலது ஓரத்துக்குத்தான் போகும்.

பொய்முடிக்கு மாவு: கொடுத்தாயிற்று.
மதேரா, இரண்டு புட்டி: கொடுத்தாயிற்று.
குதிரைக்கு லாடம்: கொடுத்தாயிற்று.
ஓடம், இரவு, பனி, பன்னிரண்டு ஷில்லிங்:
எதிரே ஒன்றுமில்லை.
பேனா தொட்டு எடுத்த ஒரு புள்ளிகூட.

"அடுத்த பக்கத்தில் இருக்கும்" என்றேன்,
மரியாதைக்கு.
டெல்ஃபீன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினாள்.
"எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன்.
பத்து வருஷம் ஆகிறது.
இது அவர்கள் எழுதித் தந்த உரையில் இல்லை."

ஹார்லன் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
வற்று நீர் நாலு மணிக்குத் தொடங்கியிருக்கும்.
பனியெல்லாம் கடலை நோக்கித் திரண்டு வரும்.
நடுப்பகல் வரை அவனால் திரும்பியிருக்க முடியாது.
படகைக் கரையில் கவிழ்த்து
அதன் கீழே உட்கார்ந்திருப்பான், வேறு வழியில்லை.

அப்படியானால் பத்தேகாலுக்கு
மன்றத்து மணி அடித்தது அவனுக்கும் கேட்டிருக்கும்.
ஊரில் யாரோ பெரியவர் செத்துப்போனார் என்று
தொப்பியைக் கழற்றியிருப்பான்.

வாசலில் தேநீருக்குச் சலுகைச் சீட்டு தந்தார்கள்.
நான் பேருந்தில் ஏறி, அதன் பின்புறத்தில்
பன்னிரண்டு ஷில்லிங்கை அசலாக எழுதி
ஆறு சதவீதம் கூட்டு வட்டி போட்டேன்.
இருநூற்றுச் சொச்சம் வருஷம்.

துடுப்போடு இன்னோர் ஆளை வார்க்கப் போதும்.
கம்பளி உடுத்தியே வார்க்கலாம்.
சரிபார்க்க மறுபடி முதலிலிருந்து தொடங்கியதில்
என் நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.