பற்று, கிராம் கணக்கில்

குஷிரோ மீன் ஏலத்தில்
முப்பத்தெட்டு வருடக் குரல் குட்சுகாகேயுடையது.
போன நவம்பரில், மூன்றாம் தரம் சொல்லுமுன்
கீழ்ப்பல் செட் எகிறி
காட் மீன் பெட்டிக்குள் விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
ஒரு வியாபாரி தொப்பியைக் கழற்றிவிட்டு
இரு கையாலும் எடுத்து நீட்டினாராம்.
அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

தாடையில் இரண்டு டைட்டானியம் முளைகள்.
ஊன்றியவர் டாக்டர் நகுமோ.
அதன்மேல் எது எதைப் பிடிப்பது என்பது
என் மேஜையின் பாடு.

குமிழும் ரப்பர் வளையமும் மலிவு,
சட்டைப் பொத்தான் போல; வளையம் சீக்கிரம் தளரும்.
நைலான் மூடியில் நீலம் லேசாகப் பிடிக்கும்,
ரோஜா நிறம் திடமாக,
நிறமில்லாதது கடன் கொடுத்தவன் பிடி.
கம்பி என்றால் முளைக்கு முளை பாலம்,
பாலத்தைக் கவ்வும் கொக்கி,
அடியில் தங்கும் சோறு.
காந்தம், அறுநூறு கிராம். அவ்வளவுதான்.

"அறுநூறா? கணவாய்கூட அதைவிடக் கனம்."
கம்பி கேட்டார். செய்தேன்.
கரையில் கட்டிய படகாக நின்றது.
ஜன்னல் கண்ணாடி அதிர
என் அறையிலேயே ஓர் ஏலம் விட்டுக் காட்டினார்;
நாற்காலி நல்ல விலைக்குப் போனது.

பதினோரு நாள் கழித்து வந்தார். ஈறு பழுத்திருந்தது.
ராத்திரி கழற்றவில்லையா?
பதிலுக்கு வலக்கையை மேஜைமேல் வைத்தார்.
என் மெழுகுக் கத்திகள் மெல்லக் கிலுகிலுத்தன.

இழுத்தால் எத்தனை கிராம்,
ஆயிரம் தடவை மென்றபின் எத்தனை,
எல்லாம் அளந்து வைத்திருந்தேன்.
இழுக்கும் விரலை அளக்கவில்லை.

இப்போது காந்தம்.
நடுங்கும் கை பக்கத்தில் கொண்டுவந்தால் போதும்,
மீதியை அது பார்த்துக்கொள்ளும்: டக்.
முதல் கத்தி வாங்கிய பையன் மாதிரி
நான்கைந்து முறை எடுத்தார், வைத்தார்.
உச்சத்தில் கத்தும்போது இன்னும் சற்றுத் தூக்குகிறது.
உச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.
மீன் விலை இறங்கவில்லை என்கிறார்.

கை நடுக்கத்துக்கு இந்த வாரம் மூளை ஸ்கேன்.
முளைமேல் இருக்கும் எஃகுத் தகடுகள்
படத்தைக் கெடுக்குமென்று
நகுமோ இரண்டையும் திருகி எடுத்து
செட்டோடு ஓர் உறையில் அனுப்பியிருக்கிறார்.

உறையைப் பிரித்து வைத்துவிட்டு
டீ போடப் போனேன்.
திரும்பி வந்தால்
குட்சுகாகேயின் கீழ்வரிசை
என் சின்ன ஸ்க்ரூ டிரைவரைப்
பிடித்துக்கொண்டு கிடக்கிறது.