துடைப்பக் கட்டையின் பங்கு

பஃபலோவில் ஏரிப்பனி இடுப்புவரை ஏறிய ஜனவரி.
ஓட்ஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
தலைமுடியில் வறுத்த மாவு வாசனையோடு
காலை ஏழுக்குக் கண்மூடுவேன்.
ஏழேகாலுக்கு மேல்வீட்டில் தொடங்கும்:
டும். ஒரு இடைவெளி. டும் டும்.
லெனெல் ப்ரூயிட், வயது பத்தொன்பது,
அடகுக்கடையில் வாங்கிய டிரம் மெஷின்,
அதில் இரண்டு பொத்தான் வேலை செய்யாது.

துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து
கூரையை மூன்று முறை இடித்தேன்.
சத்தம் நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து
என் இடியே மேலிருந்து திரும்பி வந்தது,
நான் இடித்ததைவிடச் சற்றுத் தாமதமாக,
சற்றுக் கொழுப்பாக.

பிறகுதான் தெரிந்தது
தரைப்பலகையில் மைக்கைக் கவிழ்த்து வைத்து
தினமும் எனக்குக் கோபமூட்டியிருக்கிறான்.

காரின் டிக்கியைத் திறந்து சிடி விற்றான், ஐந்து டாலர்.
முடிதிருத்துபவர் ஒருவர் இரண்டு வாங்கி
ஒன்றைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.
ஒரு பீட் எண்பது டாலர், பெரும்பாலும் கடன்.
கெனார்ட் என்றொரு பையன் அதன்மேல் பேசினான்,
பனியில் சறுக்கும் லாரி
பிரேக்கைத் தேடுவது போல.

அடுத்த கோடையில் பேருந்தில்
முன்சீட்டுப் பெண்ணின் ஹெட்ஃபோனில் கசிந்தது
என் துடைப்பம்.
அப்புறம் பெட்ரோல் பங்கில். பல் டாக்டரிடம்.
தொலைக்காட்சியில் ஒரு மைதானமே
நான் தூங்காத காலைகளுக்கு
எழுந்து நின்று குதித்தது.

லெனெல் அட்லாண்டா போனான்.
ஒப்பந்தம் செங்கல் கனமாம்.
கையெழுத்திடும் பக்கங்களில் மட்டும்
மஞ்சள் சீட்டு ஒட்டித் தந்தார்களாம்.
அவன் மஞ்சள் சீட்டுகளைப் படித்தான்.

பிறகு கெனார்டுக்குத் தனி வக்கீல் வந்தார்.
பிறகு டிரம்மே இல்லாத பாட்டுகளுக்குக் காலம் வந்தது.
லெனெல் அடுத்தவர் பெயரில் நாலு ஆல்பம்,
தன் பெயரே இல்லாமல் ஒரு மெத்தை விளம்பரம்.

பதினோரு வருடம் கழித்து என் கதவில் நின்றான்,
கையில் ஒரு பை ஆரஞ்சு, நரைத்த தாடி.
"அந்தச் சத்தம் கம்பெனியுடையது, ஓசெல்லா.
என் பாட்டை நான் தொட்டால்
எனக்கே நோட்டீஸ் வருகிறது.
நீ மறுபடி இடித்தால்
அது நம்முடையது."
"நம் என்றால் எத்தனை சதவீதம்?"
ஆரஞ்சைப் பார்த்தபடி இரண்டு என்றான்.
நாலரைக்கு இறங்கி வந்தேன்.

இடித்தேன். மைக்கை அங்கே வைத்தான், இங்கே வைத்தான்.
ஆலையை விட்டு மூன்று வருடம்,
இரவில் நன்றாகத் தூங்குகிறேன்,
பழைய துடைப்பமும் இல்லை, இது மாப்புக் குச்சி.
பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கத் தட்டுவது போல
அத்தனை மரியாதையாக விழுந்தது அடி.
பரவாயில்லை என்று ஒயரைச் சுருட்டினான்.
ஆரஞ்சை விட்டுப் போனான்.

விடியற்காலை நாலு மணி.
ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்த மேல்வீட்டில்
டும். ஒரு இடைவெளி. டும் டும்.
எழுந்தது நினைவில்லை.
குச்சியைத் தேடியது நினைவில்லை.
மூன்று அடி. கூரைச் சுண்ணாம்பு
தலையணையில் உதிர்ந்ததற்கு நாலாவது.

நிசப்தம்.
பிறகு மேலே ஒருவன் சிரித்தான்.
பிறகு அது திரும்பி வந்தது,
தாமதமாக, கொழுப்பாக.

காலையில் கதவிடுக்கில் ஒரே ஒரு தாள்.
தாளம்: ஓசெலா டப்ஸ். நாலரை.
மஞ்சள் சீட்டு எதுவும் இல்லை.
இரண்டு முறை படித்தேன், பேனா எடுத்து
விட்டுப்போன ல்-ஐ முதலில் சேர்த்தேன்.
கூரையை யார் பூசித் தருவது என்று மட்டும்
எந்த வரியிலும் இல்லை.